டிஇஐ-ய தூக்கிட்டாங்கன்னா எத தூக்கினாங்க? அமெரிக்க வேலையிட இனச் சட்டம், அடியில இருந்து

2025 ஜனவரி 20, 21 ரெண்டு நாள்ல ட்ரம்ப், டிஇஐ-ங்கற பேர்ல அரசாங்கமும் கம்பெனிகளும் நடத்தின பன்முகத் திட்டங்களுக்கு எதிரா ரெண்டு ஆணைல கையெழுத்து போட்டாரு. அன்னைல இருந்து நம்ம வாட்ஸப் குரூப்புகள்ல சுத்தற வாக்கியம் ஒண்ணுதான்: "அமெரிக்காவே இடஒதுக்கீட்ட தூக்கிடுச்சு, இங்க மட்டும் ஏன்?" இதுக்கு பதில் சொல்றவங்களும் "அது அந்தாளோட இனவெறி"ன்னு சொல்லிட்டு, அந்த வாக்கியத்த அப்படியே ஒத்துக்கிட்டுதான் சண்டைய தொடர்றாங்க. ஆனா வாக்கியமே தப்பு. இந்த இனத்துக்கு வேலைல இத்தன சதவீதம்னு நம்ம ஊர்ல இருக்கற மாதிரி ஒரு இடஒதுக்கீடு அமெரிக்கா முழுக்க சட்டமா இருந்ததே இல்ல, சொல்லப்போனா அங்க ஒரு கம்பெனி அப்படி பண்ணா பெரும்பாலும் சட்டவிரோதம். அப்போ தூக்கினது எத, இன்னும் அசையாம நிக்கறது எது, இதுல நம்ம ஆளுங்க எங்க வர்றாங்க, வரிசையா பாத்துடலாம்.

மொதல்ல நாலு சொல்லு

இந்த நாலையும் ஒண்ணா போட்டு குழப்பறதுதான் பாதி சண்டைக்குக் காரணம்.

1. பாகுபாட்டுத் தடை: இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு பாத்து ஒருத்தர வேலைக்கு எடுக்காம விடறது, தூக்கறது, சம்பளத்த கொறைக்கறது சட்டவிரோதம். இது சட்டம். பார்லிமென்ட் மாதிரி அங்க இருக்கற காங்கிரஸ் போட்டது. ஜனாதிபதி நெனச்சா ரத்து பண்ண முடியாது.

2. அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்: பாகுபாடு காட்டாம இருந்தா மட்டும் போதாது, இதுவரைக்கும் வெளிய நின்னவங்கள தேடிப் போய் கூப்பிடுன்னு சொல்றது. அரசாங்க கான்ட்ராக்ட் எடுக்கற கம்பெனிகளுக்கு இது கட்டாயமா இருந்துச்சு, ஆனா சட்டத்தால இல்ல, ஜனாதிபதி ஆணையால.

3. கோட்டா: இத்தன இடம் இவங்களுக்குன்னு பூட்டி வைக்கறது. நாம இடஒதுக்கீடுன்னு சொல்றது இதத்தான்.

4. டிஇஐ: டைவர்சிட்டி, ஈக்விட்டி, இன்க்ளூஷன். விதவிதமான ஆளுங்க இருக்கணும், எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுக்கறத விட அவங்கவங்க நிக்கற எடத்த பாத்து குடுக்கணும், உள்ள வந்தவங்க ஒதுங்கி நிக்காம கலந்துக்கணும், இந்த மூணும் சேந்த கம்பெனி பாலிசிகளுக்கு ஒரு மொத்தப் பேரு. ட்ரெய்னிங் கிளாஸ்ல இருந்து காலேஜ் கேம்பஸ் விசிட் வரைக்கும் எது வேணா இதுக்குள்ள வரும். டிஇஐ-ன்னு ஒரு சட்டமே கிடையாது, அதனாலதான் அத "தடை பண்ணிட்டாங்க"ன்னு சொல்றதுலயும் அர்த்தம் வழுக்கிட்டே போகுது.

அடித்தளம் 1964 சட்டம்தான்

அதுக்கு முன்னாடியே ஒரு சின்ன ஆரம்பம் உண்டு. 1941ல உலகப்போருக்கு ஆயுதத் தொழிற்சாலைங்க ஆள் எடுத்துத் தள்ளிட்டு இருந்தப்போ கறுப்பின ஆளுங்கள மட்டும் கேட்டுக்குள்ளயே விடல. ரயில்வே ஸ்லீப்பர் கோச் தொழிலாளர் சங்கத்த கட்டின ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப், வாஷிங்டனுக்கு பேரணியா வரப்போறோம்னு மிரட்டினாரு, பேரணி நடக்கறதுக்கு முன்னாடியே ரூஸ்வெல்ட் 8802ங்கற ஆணைய போட்டு ராணுவத் தொழில்கள்ல இனப் பாகுபாடு கூடாதுன்னு சொல்லிட்டாரு. ஆணைல வந்தது ஆணையோட போகும்ங்கற விஷயத்த இங்கயே மனசுல வெச்சுக்கோங்க.

நிஜமான சட்டம் 1964 சிவில் ரைட்ஸ் ஆக்ட். அதுல ஏழாவது பகுதி, அங்க எல்லாரும் டைட்டில் செவன்னு சொல்றது, வேலை பத்தினது. இன்னைக்கு 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற எந்த கம்பெனிக்கும், தனியாரா இருந்தாலும் சரி, இது பொருந்தும். புகார் வாங்க ஈஈஓசின்னு ஒரு அமைப்பு 1965ல ஆரம்பிச்சுது.

இந்தச் சட்டத்துக்குள்ளயே ஒரு வரி இருக்கு, அத வாட்ஸப்ல யாரும் ஃபார்வர்ட் பண்ண மாட்டாங்க. 703ஆவது பிரிவுல (ஜே) உட்பிரிவு. ஊர்ல இத்தன சதவீதம் கறுப்பினத்தவர், உன் கம்பெனில அத விட கொறைவா இருக்காங்க, அதனால அவங்களுக்கு முன்னுரிமை குடுன்னு இந்தச் சட்டத்த வெச்சு எந்த கம்பெனியையும் கட்டாயப்படுத்த முடியாது. இது மறைமுகமா இடஒதுக்கீடா மாறிடும்னு அன்னைக்கே பயந்தவங்கள சமாதானப்படுத்தத்தான் இத சேத்தாங்க. ஆக கோட்டா வேண்டாம்ங்கற முடிவு ட்ரம்ப் எடுத்ததில்ல, 1964லயே சட்டத்துக்குள்ள எழுதி வெச்சது.

டியூக் பவர்: ஒரு பரீட்சை எப்படி பாகுபாடு ஆச்சு

இந்த கேஸ கொஞ்சம் நிதானமா பாக்கணும், ஏன்னா இன்னைக்கு நடக்கற சண்டைல முக்கியமான பாதி இங்கதான் ஆரம்பிக்குது.

நார்த் கரோலினால டான் ரிவர்ங்கற எடத்துல டியூக் பவர் கம்பெனியோட ஒரு அனல் மின் நிலையம். அஞ்சு டிபார்ட்மென்ட். மொத்தம் 95 பேர்ல 14 பேர் கறுப்பினத்தவர், அவங்க எல்லாருக்கும் லேபர் டிபார்ட்மென்ட் மட்டும்தான், அதாவது கூட்டறது, சுமக்கறது, சுத்தம் பண்றது. லேபர்ல அதிகபட்ச சம்பளம் வாங்கறவரு, மத்த டிபார்ட்மென்ட்ல கடைசி ஆள் வாங்கறத விட கொறைவா வாங்கினாரு. 1955லயே, லேபர் தவிர மத்த எல்லா எடத்துக்கும் ஹைஸ்கூல் முடிச்சிருக்கணும்னு ரூல் போட்டிருந்தாங்க.

1965 ஜூலை 2. டைட்டில் செவன் அமலுக்கு வந்த நாள். அதே நாள்ல கம்பெனி புதுசா ரெண்டு பரீட்சைய கொண்டு வந்துச்சு, ஒண்ணு 12 நிமிஷத்துல 50 கேள்வி இருக்கற பொது அறிவுத்திறன் டெஸ்ட், இன்னொண்ணு மெக்கானிக்கல் டெஸ்ட். இனத்த பத்தி ஒரு வார்த்தை இல்ல, யார் வேணா எழுதலாம், யார் பாஸ் பண்ணாலும் மேல போகலாம். பாக்கறதுக்கு சுத்த மெரிட்.

வில்லி கிரிக்ஸ்ங்கற தொழிலாளியும் கூட வேலை பாத்தவங்களும் கேஸ் போட்டாங்க. கோர்ட் பாத்த விஷயங்கள்:

1. 1960 கணக்குப்படி நார்த் கரோலினால வெள்ளை ஆம்பளைங்கள்ல 34% பேர் ஹைஸ்கூல் முடிச்சவங்க, கறுப்பின ஆம்பளைங்கள்ல 12% தான். தனித்தனி பள்ளிக்கூடம்னு பிரிச்சு, அவங்களுக்கு மட்டமான படிப்ப குடுத்ததும் அதே மாநிலம்தான்.

2. ரூல் வர்றதுக்கு முன்னாடி ஹைஸ்கூல் முடிக்காமலே உள்ள வந்த வெள்ளைக்காரங்க அதே டிபார்ட்மென்ட்ல நல்லாவே வேலை பாத்துட்டு இருந்தாங்க, ப்ரமோஷனும் வாங்கிட்டு இருந்தாங்க. அப்போ நிலக்கரி அள்ற வேலைக்கு அந்த சர்டிஃபிகேட் எதுக்கு?

3. டெஸ்ட்டோட பாஸ் மார்க் ஹைஸ்கூல் முடிச்சவங்கள்லயே பாதி பேர் ஃபெயில் ஆகற அளவுக்கு இருந்துச்சு. அந்த மார்க்குக்கும் மின் நிலைய வேலைய நல்லா பாக்கறதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு கம்பெனி சோதிச்சே பாக்கல.

கீழ் கோர்ட்டுங்க கம்பெனிக்கு கெட்ட எண்ணம் இருந்ததா நிரூபணம் இல்லன்னு சொல்லிருந்தாங்க, படிக்காத ஊழியர் படிக்கப் போனா செலவுல மூணுல ரெண்டு பங்க கம்பெனி குடுத்துச்சுங்கறதும் உண்மை. சுப்ரீம் கோர்ட் 1971 மார்ச்ல ஒரு நீதிபதி கூட மாறுபடாம, 8-0ன்னு சொன்னது: எண்ணம் கேள்வி இல்ல, விளைவுதான் கேள்வி. ஒரு ரூல் பாக்க நியாயமா இருந்து, ஒரு இனத்த மட்டும் வடிகட்டித் தள்ளுதுன்னா, அந்த ரூல் இந்த வேலைக்கு நெஜமாவே தேவைன்னு கம்பெனிதான் காட்டணும். காட்ட முடியலன்னா ரூல் போகணும். இதுக்கு சட்டத்துல பேரு டிஸ்பரேட் இம்பேக்ட், நாம விளைவுப் பாகுபாடுன்னு வெச்சுக்கலாம்.

இதுல கோட்டா எங்கயும் இல்ல, பரீட்சையே கூடாதுன்னும் சொல்லல, வேலைக்கு சம்பந்தம் உள்ள பரீட்சைய வைன்னுதான் சொன்னாங்க. மெரிட் மெரிட்னு பேசறவங்க முதல்ல படிக்க வேண்டிய தீர்ப்புன்னு நான் சொல்லுவேன். 1991ல காங்கிரஸ் இதே கொள்கைய சட்டத்துக்குள்ளயே எழுதிடுச்சு, அது கடைசில தேவைப்படும்.

கான்ட்ராக்ட் கம்பெனிகளுக்கு வந்த ஆணை

1965 செப்டம்பர்ல ஜனாதிபதி ஜான்சன் 11246ங்கற ஆணைய போட்டாரு. அதுக்கப்புறம் வந்த விதிகளையும் சேத்து பாத்தா, அரசாங்கத்துக்கு சரக்கோ சேவையோ விக்கற கம்பெனில 50 பேரோ அதுக்கு மேலயோ இருந்து, கான்ட்ராக்ட் 50,000 டாலரோ அதுக்கு மேலயோ இருந்தா, வருஷா வருஷம் ஒரு அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன் ப்ளான் எழுதி வைக்கணும். உன் ஊர்ல இந்த வேலைக்குத் தகுதியான ஆளுங்கள்ல எந்த இனம் எவ்ளோ, பெண்கள் எவ்ளோ, உன் கிட்ட எவ்ளோ, ஏன் கொறையுது, என்ன பண்ணப்போற. எண்கள் இருந்துச்சு, ஆனா அது இலக்கு, அந்த எண்ணுக்காக தகுதி இல்லாதவர எடுக்கக் கூடாதுன்னு விதிலயே சொல்லிருந்தாங்க. நடைமுறைல ஒரு மேனேஜருக்கு இலக்குக்கும் கோட்டாவுக்கும் நடுவுல கோடு மங்கலாதான் தெரியும்னு எதிர்க்கிறவங்க சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, அத மறைக்கத் தேவையில்ல.

இந்த ஆணைக்கு பல்லு வந்தது நிக்சன் காலத்துல. 1969ல ஃபிலடெல்ஃபியா ப்ளான்னு கட்டட வேலை சங்கங்கள குறி வெச்சு கொண்டு வந்தாங்க, ஏன்னா இரும்பு, ப்ளம்பிங், எலக்ட்ரிக் வேலைகள்ல சங்க கார்டு அப்பாகிட்ட இருந்து பையனுக்குப் போறதுதான் வழக்கம். ரிபப்ளிகன் ஜனாதிபதி பண்ணதுங்கறத இன்னைக்கு அந்தக் கட்சிக்காரங்களே மறந்துட்டாங்க.

"டைவர்சிட்டி" எங்க இருந்து வந்துச்சு

கலிஃபோர்னியா டேவிஸ் மெடிக்கல் காலேஜ் 100 சீட்ல 16 சீட்ட சிறுபான்மையினருக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்துச்சு. சீட் கிடைக்காத ஆலன் பாக்கிங்கற வெள்ளைக்காரர் கேஸ் போட்டாரு. 1978ல சுப்ரீம் கோர்ட் ரெண்டா பிளந்து நின்னுச்சு, நடுவுல பவல்ங்கற ஒரு நீதிபதியோட கருத்துதான் தீர்ப்பா போச்சு: ஒதுக்கறது செல்லாது, ஆனா வகுப்புல பல பின்னணி மாணவர் இருந்தா எல்லாருக்கும் கல்வி நல்லா அமையும்ங்கற காரணத்துக்காக இனத்த ஒரு அம்சமா பாக்கலாம்.

இதோட விளைவு பெருசு. சமுதாயம் காலங்காலமா பண்ண அநியாயத்துக்கு ஈடுன்னு ஒரு காலேஜ் காரணம் சொல்ல முடியாது, பல நிற முகங்கள் இருந்தா எல்லாருக்கும் நல்லதுன்னு சொன்னா கோர்ட்ல நிக்கும். அதனால அடுத்த 45 வருஷம் எல்லாரும் ரெண்டாவது பாஷைய பேசக் கத்துக்கிட்டாங்க, காலேஜ்ல ஆரம்பிச்சது 80கள்ல கம்பெனிகளுக்கும் போச்சு. அங்க எச்ஆர் ஆளுங்க "பல விதமானவங்க இருந்தா பிசினஸுக்கு லாபம்"னு மாத்திக்கிட்டாங்க. அநியாயத்துக்கு பரிகாரம் கேட்டுப் போனது பிசினஸ் லாபக் கணக்கா மாறி நின்னுச்சு, லாபத்த காரணமா சொன்னதால, லாபக் கணக்கு மாறினதும் கைவிடறதும் சுலபமா போச்சு. டிஇஐ இவ்ளோ சீக்கிரம் சரிஞ்சதுக்கு என் கணிப்புல இதுதான் முக்கிய காரணம்.

சட்டத்துல இன்னொரு ஓட்டையும் இருந்துச்சு. பவல் சொன்னது காலேஜுக்கு. வேலைல "டைவர்சிட்டிக்காக இந்த இனத்து ஆள எடுத்தோம்"னு ஒரு கம்பெனி சொன்னத சரின்னு சுப்ரீம் கோர்ட் ஒருதடவ கூட சொன்னதில்ல. வேலைல ஏத்துக்கிட்ட விதிவிலக்கு ரொம்ப குறுகல். 1979ல லூசியானா கிராமர்சில கெய்சர் அலுமினிய ஆலை: சுத்துப்பட்டுல தொழிலாளிங்கள்ல 39% கறுப்பினத்தவர், ஆலையோட 273 தேர்ந்த கைவினைத் தொழிலாளிகள்ல அவங்க 5 பேர். அந்த ஏத்தத்தாழ்வு சரியாகற வரைக்கும் ட்ரெய்னிங் இடத்துல பாதிய அவங்களுக்கு வெக்கறோம்னு கம்பெனியும் சங்கமும் சேந்து பண்ண ஒப்பந்தத்த கோர்ட் விட்டுச்சு. தற்காலிகம், யாரையும் வேலைய விட்டு எடுக்கல, அப்பட்டமான ஏத்தத்தாழ்வு, இப்படி பல நிபந்தனையோட.

நம்ம ஊரோட ஒப்பிட்டா எங்க பிரியுதுன்னு இப்போ தெரியும். 1951ல மெட்ராஸ் மாகாணத்து கம்யூனல் ஜி.ஓ.வ, அதாவது ஜாதி, மதவாரியா இடம் பிரிச்ச அரசாணைய, செண்பகம் துரைராஜன் வழக்குல சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி பண்ணுச்சு, இங்க கொந்தளிப்பு வந்துச்சு, அதே வருஷம் அரசியலமைப்புக்கு முதல் திருத்தம் வந்து, பின்தங்கினவங்களுக்கு தனி ஏற்பாடு பண்ணலாம்னு சொல்ற 15(4) சேந்துச்சு. அங்க ஆலன் பாக்கி கேஸ் தீர்ப்புக்கு அப்புறம் அரசியலமைப்ப யாரும் திருத்தல. இன்னொரு வித்தியாசமும் உண்டு, அத நாம பேசறதே இல்ல: நம்ம இடஒதுக்கீடு அரசு வேலை, கல்வி, தேர்தல் தொகுதியோட நிக்குது, தனியார் கம்பெனி ஜாதி பாத்து ஆள் எடுத்தா இழுத்துட்டுப் போய் கோர்ட்ல நிறுத்த டைட்டில் செவன் மாதிரி ஒரு பொதுச் சட்டம் நம்ம கிட்ட இல்ல. அவங்க கிட்ட ஒதுக்கீடு இல்ல, தனியார் வாசலுக்குள்ள போற சட்டம் இருக்கு. ஆளுக்கு ஒரு பாதிதான்.

இன்னும் பாகுபாடு இருக்கா?

இத அளக்க ஒரு எளிமையான வழி உண்டு: ஒரே மாதிரி ரெஸ்யூமே, பேர மட்டும் மாத்தி அனுப்பறது. ரொம்ப பேசப்பட்ட ஆய்வு மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பண்ணது (பேர பாத்தாலே தெரியும், நம்மாளு, சின்ன வயசுல அமெரிக்கா போனவரு). பாஸ்டன், சிகாகோல சுமார் 5,000 ரெஸ்யூமே. எமிலி, கிரெக் மாதிரி வெள்ளைப் பேருக்கு 9.65% அழைப்பு, லகீஷா, ஜமால் மாதிரி கறுப்பினப் பேருக்கு 6.45%. படிப்பு, அனுபவம் எல்லாம் ஒண்ணுதான். டெவா பேஜர்ங்கறவங்க மில்வாக்கில நேராவே ஆள அனுப்பிப் பாத்தாங்க: ஜெயிலுக்குப் போய் வந்ததா சொன்ன வெள்ளைக்காரருக்கு 17% அழைப்பு, ஜெயில் பக்கமே போகாத கறுப்பினத்தவருக்கு 14%.

இதெல்லாம் 2000களோட ஆரம்பம். அப்புறம் பெரிய கம்பெனிகளுக்கு சுமார் 83,000 விண்ணப்பம் அனுப்பின ஒரு ஆய்வு 2022ல வெளிவந்துச்சு, அதுல வித்தியாசம் சராசரியா 2 சதவீதப் புள்ளிதான், ஆனா அந்த வித்தியாசத்துல பாதி கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கம்பெனிகள்ல குவிஞ்சு கெடந்துச்சு. அதாவது எல்லா எடத்துலயும் தூவின மாதிரி இல்ல, சில எடத்துல மோசம், பல எடத்துல கிட்டத்தட்ட இல்ல. எல்லா கம்பெனிக்கும் ஒரே கிளாஸ் எடுக்கறது ஏன் வேலைக்காகலங்கறதுக்கு இது ஒரு க்ளூ.

வேலைக்கு வெளிய நிலைமை இன்னும் கனம். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வோட 2022 சர்வேல, சொத்து வரிசைல சரியா நடுவுல நிக்கற (மீடியன்) வெள்ளைக் குடும்பத்தோட சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தோடது 44,900. சம்பள வித்தியாசத்த விட இது பல மடங்கு, ஏன்னா சொத்துங்கறது வீடு, வீடுங்கறது கடன், 1930கள்ல இருந்து கறுப்பினத்தவர் வாழற ஏரியாவ மேப்ல சிவப்பா குறிச்சு அங்க வீட்டுக்கடன் ஆபத்துன்னு ஒதுக்கி வெச்ச கதை அதுக்குப் பின்னாடி இருக்கு.

நமக்கும் இந்த ஆய்வு நடந்திருக்கு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் இந்திய தனியார் கம்பெனிகளுக்கு பேர மட்டும் மாத்தி விண்ணப்பம் அனுப்பினாங்க, 2007ல வந்துச்சு. தலித் பேருக்கு அழைப்பு வர்ற வாய்ப்பு மேல்ஜாதிப் பேரோட ஒப்பிட்டா சுமார் மூணுல ரெண்டு பங்கு, முஸ்லிம் பேருக்கு மூணுல ஒரு பங்கு.

கம்பெனிகள் பண்ணதுல எது வேலை செஞ்சுது

2020 மே 25 மினியாபோலிஸ்ல ஜார்ஜ் ஃப்ளாய்ட போலீஸ் கொன்னதுக்கு அப்புறம் அமெரிக்க கம்பெனிங்க வரிசைல நின்னு அறிக்கை விட்டாங்க, சீஃப் டைவர்சிட்டி ஆஃபீசர்னு பதவி போட்டாங்க, இலக்கு அறிவிச்சாங்க. இதுல நெறய வெத்து வேட்டு. ஃப்ராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா கலேவ் ரெண்டு சமூகவியலாளர்களும் இதுக்கு ரொம்ப முன்னாடியே, 1971ல இருந்து 2002 வரைக்கும் 708 கம்பெனிகளோட டேட்டாவ வெச்சு சக ஆய்வாளரோட 2006ல சொன்னது:

1. டைவர்சிட்டி ட்ரெய்னிங் மேனேஜர் பதவிகள்ல யாரையும் பெருசா ஏத்தி விடல. கட்டாயம்னு உக்கார வெச்சா எதிர்ப்புதான் வளருதுன்னும் அவங்க பின்னாடி எழுதினாங்க.

2. இதுக்கு இன்னார் பொறுப்புன்னு ஒரு ஆளோ குழுவோ போட்டு, எண்ணிக்கைய பாத்துக் கேள்வி கேட்டா பலன் இருக்கு.

3. மென்டரிங், அதாவது சீனியர் ஒருத்தர் ஜூனியர கைபிடிச்சு வளக்கறது, ஓரளவு வேலை செய்யுது.

மலிவான, போட்டோ எடுக்கத் தோதான முதல் விஷயத்ததான் கம்பெனிங்க அதிகமா பண்ணாங்கங்கறது வருத்தமான காமெடி.

அப்போ 2023ல இருந்து மாறினது என்ன

1. 2023 ஜூன் 29: ஹார்வர்ட், நார்த் கரோலினா யுனிவர்சிட்டி கேஸ். அட்மிஷன்ல இனத்த பாக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட். வாதம் ஆசிய மாணவர்களுக்கு அநியாயம்ங்கறது. இது காலேஜ் தீர்ப்பு, வேலைய தொடல, ஆனா பவல் போட்ட அஸ்திவாரம் போச்சு, கம்பெனி வக்கீல்கள் எல்லாரும் அன்னைக்கே ஃபைல தூசி தட்டினாங்க.

2. 2024: அட்லாண்டால ஃபியர்லெஸ் ஃபண்ட் கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் 20,000 டாலர் நிதி குடுத்துட்டு இருந்துச்சு. அடிமை முறை ஒழிஞ்சதும் கறுப்பினத்தவர பாதுகாக்க போட்ட 1866 சட்டத்தையே எடுத்து அதுக்கு எதிரா கேஸ், அப்பீல் கோர்ட் நிறுத்தி வெச்சுது, கடைசில சமரசமாகி திட்டம் மூடிச்சு.

3. 2025 ஜனவரி 20: அரசாங்கத்துக்குள்ள இருந்த டிஇஐ அலுவலகங்கள மூடச் சொல்லி ஆணை.

4. 2025 ஜனவரி 21: ஜான்சனோட 11246 ஆணை ரத்து. மேல சொன்ன கான்ட்ராக்ட் கம்பெனி ப்ளான் இதோட போச்சு. 60 வருஷம் நின்னது ஒரே கையெழுத்துல போக முடிஞ்சதுக்குக் காரணம் அது சட்டம் இல்ல, ஆணை. கூடவே, அரசாங்க கான்ட்ராக்டோ நிதியோ வாங்கறவங்க "சட்டவிரோத டிஇஐ எங்க கிட்ட இல்ல"ன்னு கையெழுத்து போட்டுத் தரணும்னு சேத்தாங்க.

5. 2025 ஜூன் 5: ஏம்ஸ் வழக்கு. பெரும்பான்மையச் சேந்தவங்க பாகுபாடுன்னு கேஸ் போட்டா கூடுதல் ஆதாரம் காட்டணும்னு சில கோர்ட்டுங்க வெச்சிருந்த ரூல சுப்ரீம் கோர்ட் ஒருமனதா தூக்குச்சு. எழுதினது கறுப்பினப் பெண் நீதிபதி கெடாஞ்சி ப்ரௌன் ஜாக்சன், லிபரல் பக்கம். சட்டம் "எந்த ஒரு ஆளுக்கும்"னுதான் சொல்லுது, அதனால இது சரியான தீர்ப்புன்னுதான் எனக்கும் படுது.

நாலாவது பாயின்ட்ல அந்த கையெழுத்துதான் நெஜமான ஆயுதம். பொய்யா கையெழுத்து போட்டா ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் ஆக்ட் வரும், அது 1863ல உள்நாட்டுப் போர்ல அழுகின சரக்க ராணுவத்துக்கு வித்த வியாபாரிங்கள புடிக்க லிங்கன் காலத்துல வந்த சட்டம். நஷ்டத்த போல மூணு மடங்கு அபராதம், காட்டிக் குடுத்த ஊழியருக்கும் அதுல பங்கு. எது "சட்டவிரோத டிஇஐ"ன்னு ஆணைல தெளிவான வரையறை கிடையாது. அப்போ கம்பெனி வக்கீல் என்ன சொல்லுவாரு? எதுக்கு வம்பு, எல்லாத்தையும் எடுத்துடுன்னுதான். சட்டப்படி தப்பே இல்லாத மென்டரிங் திட்டம், கறுப்பினக் கல்லூரிகளுக்குப் போய் ஆள் எடுக்கறது, இதெல்லாம் கூட வெப்சைட்ல இருந்து காணாம போறது அதனாலதான்.

வால்மார்ட் 2024 நவம்பர்லயே பின்வாங்குச்சு, மெட்டா, மெக்டொனால்ட்ஸ், டார்கெட் 2025 ஜனவரில. ஆனா காஸ்ட்கோ அதே மாசம் பங்குதாரர் கூட்டத்துல நிமிந்து நின்னுச்சு, டிஇஐ-ய ஆபத்துன்னு பரிசீலிக்கச் சொன்ன தீர்மானத்துக்கு எதிரா 98 சதவீதத்துக்கு மேல ஓட்டு.

இதுல நம்ம ஆளுங்க எங்க

அமெரிக்காவுல இந்தியர்ங்களுக்கு வாசல் அகலமா திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தால, அதே சிவில் ரைட்ஸ் காலத்து அலைதான் அது. 1970 சென்சஸ்ல நம்மள வெள்ளையர்னு எண்ணினாங்க, சிறுபான்மையா எண்ணுங்கன்னு இந்தியச் சங்கங்களே கேட்டு 1980ல தனி கட்டம் வாங்கினாங்க. இப்போ அதே சமூகத்துல ஒரு பகுதி அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷனுக்கு எதிரா கொடி புடிக்குது, அது அவங்க உரிமை, வரலாறு தெரிஞ்சு புடிச்சா சரி.

ஜாதி விஷயம் இன்னும் சங்கடமானது. 2020 ஜூன்ல கலிஃபோர்னியா அரசுத் துறை சிஸ்கோ மேல கேஸ் போட்டுச்சு, தலித் இஞ்சினியர் ஒருத்தர மேல்ஜாதி மேலதிகாரிங்க பாகுபாடா நடத்தினாங்கன்னு. கம்பெனி மறுத்துச்சு. 2023 ஏப்ரல்ல அந்த ரெண்டு மேலதிகாரிங்க மேல இருந்த குற்றச்சாட்ட அரசு வாபஸ் வாங்கிடுச்சு. கேஸோட அடிப்படைக் கேள்வி: சட்டத்துல ஜாதிங்கற சொல்லு இல்ல, அப்போ அது இனத்துல வருமா, பூர்வீகத்துல வருமா? 2023 பிப்ரவரில சியாட்டில் நகரம், ஜாதிய பேர் சொல்லியே தடை பண்ண முதல் அமெரிக்க நகரம் ஆச்சு. அதே வருஷம் கலிஃபோர்னியா சட்டமன்றம் பாஸ் பண்ண மசோதாவ கவர்னர் நியூசம், இருக்கற சட்டமே போதும்னு அக்டோபர்ல வீட்டோ பண்ணிட்டாரு. போதுமாங்கறது ஒரு கோர்ட் முழுசா விசாரிச்சு சொன்னாதான் தெரியும்.

இன்னும் நிக்கறது, அடுத்த சண்டை

டைட்டில் செவன் அப்படியே இருக்கு. இன்னைக்கும் உங்கள இந்தியர்னு ஒதுக்கினா புகார் குடுக்கலாம், வெள்ளைக்காரர்னு ஒதுக்கினாலும் குடுக்கலாம்.

இப்போ குறி டியூக் பவர் தீர்ப்பு மேல. 2025 ஏப்ரல்ல ட்ரம்ப் இன்னொரு ஆணை போட்டாரு, விளைவுப் பாகுபாடுங்கற கோணத்துல அரசாங்க அமைப்புங்க கேஸ் நடத்தறத ஓரங்கட்டுங்கன்னு. ஆனா அது 1991ல காங்கிரஸ் சட்டத்துல எழுதினது. ஈஈஓசி கைய கட்டிட்டு நின்னாலும் பாதிக்கப்பட்டவர் தானே வக்கீல் வெச்சு போகலாம்.

அப்படி ஒரு கேஸ் கலிஃபோர்னியால ஓடிட்டு இருக்கு. நூத்துக்கு மேல எடத்துல விண்ணப்பிச்சு எல்லாத்துலயும் நிராகரிக்கப்பட்ட, 40 வயசு தாண்டின கறுப்பினத்தவர் ஒருத்தர், அந்த கம்பெனிங்க எல்லாம் ஆள் வடிகட்ட பயன்படுத்தின சாஃப்ட்வேர வித்த ஒர்க்டே மேலயே 2023ல கேஸ் போட்டாரு. ஆள் எடுக்கற முடிவ நாங்க எடுக்கறதில்ல, எங்க டூல் பாகுபாடு காட்டலன்னு கம்பெனி சொல்லுது. 2024 ஜூலைல நீதிபதி, வேணும்னே பண்ணாங்கங்கற குற்றச்சாட்ட தள்ளிட்டு, இனம், வயசு, ஊனம் மூணுலயும் விளைவுப் பாகுபாடு வாதம் நிக்கும்னாரு, 2025 மே மாசம் வயசு பகுதிய பல பேர் சேந்து நடத்தற கூட்டு வழக்காவும் அனுமதிச்சாரு. 12 நிமிஷ டெஸ்ட் இருந்த எடத்துல இப்போ ரெஸ்யூமேவ சில செகண்ட்ல தள்ளி விடற அல்காரிதம். அத எழுதறதுல, டெஸ்ட் பண்றதுல ஒரு பங்கு ஓஎம்ஆர் ரோட்டுலயும் ஒயிட்ஃபீல்ட்லயும் நடக்கற வேலைதான், "இந்த ஃபில்டர் வேலைக்கு எதுக்கு தேவை"ங்கற கேள்விக்கு டாக்குமென்ட் எழுதி வைக்க வேண்டிய டீமும் அங்கதான் உக்காந்திருக்கும்.